அந்த ‘ஹி’ யார்? ஆங்கில வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஆங்கில வினாத்தாள் தயாரிக்கும் உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் தாள்களில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவர்கள் பலர், வேலை தேடும் வயதில், மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். அவர்களை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்லமாட்டேன். ஐ, மை, மீ, மைன் என்று பிரதிப்பெயர் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்கச் சொன்னால் மளமளவென்று மாற்றித் தருவார்கள். பிரதிப்பெயர் ஒரு பாடம், சார்பு வாக்கியம் இன்னொரு பாடம், இரண்டுக்கும் தனித்தனி வினா என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. அன்றாட ஆங்கிலத்தில் இவை அப்படிப் பிரிந்து வருவது அபூர்வம். ‘வென்’, ‘பிகாஸ்’, ‘தட்’ என்று ஒரு சார்பு வாக்கியம் தொடங்கினால் அதற்குள் ஒரு ‘ஹி’யோ ‘இட்’டோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அது யாரைக் குறிக்கிறது, அங்கே அது இருக்கலாமா கூடாதா என்ற இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் தாளில் அதற்குத்தான் கேள்வி இல்லை.

செவிலியர் படிப்பு முடித்த ஒரு பெண் பயிற்சிக்காக எழுதிய குறிப்பில் இருந்த வாக்கியம் இது: “த டாக்டர் டோல்ட் த பேஷன்ட்ஸ் சன் தட் ஹி ஷுட் நாட் ஈட் எனிதிங் ஆஃப்டர் டென்.” காலம் சரி, ‘தட்’ சரி, எழுத்துப் பிழையும் இல்லை. தேர்வில் முழு மதிப்பெண் விழும். ஆனால் பத்து மணிக்கு மேல் சாப்பிடக் கூடாதவர் யார்? காலையில் அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டிய அப்பாவா, வராந்தாவில் காத்திருக்கும் மகனா? வாக்கியத்தை உள்ளபடி படித்தால் மகன் பட்டினி கிடக்க வேண்டும். அப்பா நிம்மதியாக இட்லி சாப்பிடலாம்.

இதே பெண் தமிழில் இப்படித் தடுமாறியிருக்கமாட்டார். தமிழில் ‘என்று’ இருக்கிறது. பேசியவர் சொன்னதை அப்படியே வாக்கியத்துக்குள் வைத்துவிடலாம். ‘தான்’ இருக்கிறது. “தான் ஜெயித்துவிட்டதாக ரவி குமாரிடம் சொன்னான்” என்றால் ஜெயித்தவன் ரவி, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆங்கிலத்தில் ரவிக்கும் குமாருக்கும் மூன்றாவது ஆளுக்கும் ‘ஹி’ ஒன்றே. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்கிறீர்கள்; பிள்ளை ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘ஹி’ போடுகிறது; ஆள் யார் என்ற விவரம் அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இங்கே பெயரைத் திரும்பச் சொல்வார்கள், அல்லது ‘ஹிஸ் ஃபாதர்’ என்பார்கள், அல்லது வாக்கியத்தை இரண்டாக உடைப்பார்கள். (‘ஹிஸ் ஃபாதர்’ டாக்டரின் அப்பாவாகவும் இருக்கலாமே என்று வம்புக்கு வாதாடலாம். மருத்துவமனையில் யாரும் அப்படிப் புரிந்துகொள்ளமாட்டார்கள்.) தேர்வில் வராது என்பதால் இதை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு சிக்கல், எங்கே பிரதிப்பெயர் கட்டாயம், எங்கே கூடாது என்பது. “வீட்டுக்குப் போனதும் போன் செய்கிறேன்” என்பதில் ‘நான்’ எங்கும் இல்லை. ‘செய்கிறேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதியே போதும். ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது. “வென் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ” என்று இரண்டு பக்கமும் ‘ஐ’ வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் ‘ஐ’ அடிக்கடி விழுந்துவிடும். அதே கையோடு, தேவையில்லாத இடத்தில் ஒன்றைச் சேர்ப்பார்கள்: “த பில் விச் ஐ சென்ட் இட்.” அந்த ‘இட்’ வரக் கூடாது. அதன் வேலையை ‘விச்’ ஏற்கெனவே செய்துவிட்டது. இங்கே தமிழே கைகொடுக்கும். “நான் அனுப்பிய பில்” என்னும் பெயரெச்சத்திலும் ‘அதை’ இல்லை. பேச்சு ஆங்கிலம் இன்னும் ஒரு படி மேலே போய் ‘விச்’சையும் விட்டுவிட்டு “த பில் ஐ சென்ட்” என்கிறது. டென்மார்க்கின் மொழியியல் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இந்த அமைப்புக்குத் தனிப் பெயரே வைத்தார். ஆனால் “த மேன் ஹூ கேம் எஸ்டர்டே” என்பதில் ‘ஹூ’வை எடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே அதுவே எழுவாய். அலுவலகக் கடிதங்களில் நாள்தோறும் தேவைப்படும் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, ‘விச்’ போட்டு இணைக்க மட்டும் எத்தனை ஆண்டுகள் கேட்பீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. “வென் ஷி கேம் ஹோம், மாலா லாக்ட் த கேட்” என்றால் வந்தவளும் பூட்டியவளும் மாலாவாகவே இருக்கலாம். “ஷி லாக்ட் த கேட் வென் மாலா கேம் ஹோம்” என்று மாற்றுங்கள். பூட்டியவள் மாலா அல்ல, வேறு யாரோ. இரண்டிலும் ‘ஷி’ முன்னால், பெயர் பின்னால். சார்பு வாக்கியத்துக்குள் இருக்கும் பிரதிப்பெயர் பெயருக்கு முன்னே வரலாம். முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக நிற்கும் பிரதிப்பெயர் அப்படித் தனக்குக் கீழே உள்ள பெயரைச் சுட்டாது. 1960-களில் அமெரிக்க மொழியியலாளர்கள் இதைப் பற்றி ஓயாமல் விவாதித்தார்கள். 1976-இல் டான்யா ரைன்ஹார்ட் என்ற மொழியியலாளர் தமது முனைவர் பட்ட ஆய்வில், சொல் வரும் வரிசையைவிட வாக்கியத்தின் படிநிலையே இதைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். தொல்காப்பியருக்கும் இந்த அக்கறை இருந்தது. இயற்பெயரும் (‘அவன்’, ‘அவள்’ போன்ற) சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால் சுட்டுப்பெயரை முன்னே சொல்லமாட்டார்கள் என்றவர், அடுத்த நூற்பாவிலேயே ‘முற்படக் கிளத்தல் செய்யுளுள் உரித்தே’ என்று விலக்கும் தந்தார். தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் ஒரே வகுப்பறையில் உட்காரவைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

‘எனிஒன்’ பற்றி ஒரு வார்த்தை. “இஃப் எனிஒன் கால்ஸ், டெல் தெம் ஐ ஆம் அவுட்” என்பது இயல்பான, பல நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஆங்கிலம். ஒருமைக்குப் பன்மையா என்று, ‘தெம்’ எழுதிய பிள்ளையின் விடையைத் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

லட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்த வேண்டும், பொருள் சார்ந்த கேள்வி வைத்தால் ஆளுக்கு ஒரு விடை வரும் என்பீர்கள். வராது. 1972-இல் டெரி வினோகிராட் என்ற கணினி அறிஞர் தந்த எடுத்துக்காட்டைப் பாருங்கள். நகர்மன்ற உறுப்பினர்கள் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சியவர்கள் உறுப்பினர்கள். ‘அஞ்சினார்கள்’ என்பதை ‘ஆதரித்தார்கள்’ என்று மாற்றினால் ‘அவர்கள்’ போராட்டக்காரர்களாகிவிடுவார்கள். ஒரே ஒரு வினைதான் மாறியது. ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்றுதான். பின்னாளில் ஹெக்டர் லெவெஸ்க் என்ற இன்னொரு கணினி அறிஞர் இப்படிப்பட்ட வாக்கியங்களையே கணினிகளின் அறிவைச் சோதிக்கும் தேர்வாக முன்வைத்தார். இயந்திரத்துக்கு வைத்த தேர்வை நம் பிள்ளைகளுக்கு வைக்க என்ன தயக்கம்?

அயற்கூற்று வினாக்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு, அடுத்த மாதிரி வினாத்தாளில் இதைச் சேர்த்துப் பாருங்கள். “அனிதா லென்ட் மீனா ஹர் ஸ்கூட்டர் பிகாஸ் ஷி ஹேட் மிஸ்ட் த பஸ்.” பஸ்ஸைத் தவறவிட்டது யார்? ‘பிகாஸ்’ வரைக்கும் உள்ளதை மாற்றாமல், ‘ஷி’ அனிதாவைக் குறிக்கும்படி மீதியை எழுதுக. இரண்டு மதிப்பெண்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆங்கில ஆசிரியர் ஒருவர்