தூதுக்கல்லைத் திருப்பிக் கொடுங்கள், ஐயா

மண்டபச் செயலவைத் தலைவர் ஐயா அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, பின்னறை மேசை, அதன்மேல் சிவப்பு நூல் சுற்றிய பாதிக் கல், பக்கத்தில் நறுக்கிய எலுமிச்சம்பழம். யாரோ படம் எடுத்தார். இரவு எட்டு மணிக்குள் அது நம் ஊர் சுங்கை சிப்புட்டின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றி வந்துவிட்டது. பின்னறையில் கூடிக் கதை விளையாட்டு ஆடும் நாங்கள் செய்வினை வைப்பவர்களாகிவிட்டோம். எலுமிச்சம்பழம் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், கலக்க நறுக்கியது. அன்றே வாயால் சொன்னேன், இன்று எழுத்தில் சொல்கிறேன்.

பின்னறையைப் பூட்டிவிட்டீர்கள். அந்தக் கல் இப்போது உங்கள் அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிள்ளைகள் விளையாடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், தப்பித்தார்களா மாட்டிக்கொண்டார்களா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான், செம்பனை ஆலையில் கிராணி வேலை போக மிச்ச நேரத்தில். அந்தக் கற்பனை உலகத்தில் சோடியாக வரும் மந்திரக் கற்கள் உண்டு. நாங்கள் தூதுக்கல் என்போம். ஒரு கல்லைத் தொட்டபடி சேதி சொன்னால், மறு கல்லை வைத்திருப்பவர் மனத்துக்குள் மட்டும் அது கேட்கும். 25 சொல்லுக்கு மேல் போகாது. பதிலும் அங்கேயே அப்போதே 25 சொல்லுக்குள். ஒரு முறை பேசிவிட்டால் அடுத்த விடியல்வரை இரண்டு கல்லும் ஊமை. ஒன்றை அழித்துவிட்டால் மற்றது வெறும் கல்.

அவ்வளவுதான் மந்திரம்.

விதிப்புத்தகம் ஆங்கிலம், நாங்கள் விளையாடுவது தமிழ். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் கேட்பதை 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த அன்று போட்ட கூச்சல் உங்களுக்கும் கேட்டிருக்கும், கடிதம் அனுப்பினீர்கள். 'வடக்குவாசற்காவலன்' ஒரு சொல்லா, மூன்று சொல்லா என்று அரை மணி நேரம் சண்டை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழே எடுக்கமாட்டேன் என்றிருந்த ஒரு பெண் புணர்ச்சி விதியைத் தேடிப் படித்துவிட்டு வந்து வாதாடினாள். இதற்கு நாம் தனியாக முகாம் நடத்தி, பதாகை கட்டி, மீகூன் பொட்டலம் கொடுத்தும் பலித்ததில்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

"ஆற்றில் கல்லா இல்லை? வேறொன்று பொறுக்கிக்கொள்ளுங்கள்" என்றீர்கள். ஐயா, அது பாதிக் கல். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன், இரண்டாம் படிவம். அப்பா லாரி ஓட்டுகிறார். வேலை மாறிக் குடும்பம் தெற்கே ஜொகூரில் இருக்கும் பாசிர் கூடாங்குக்குப் போனது. போவதற்கு முந்தின வாரம் அவனே ஒரு கல்லைச் சுத்தியலால் இரண்டாகப் பிளந்து, நூல் சுற்றி, ஒரு பாதியை மேசையில் வைத்துவிட்டு மறு பாதியை எடுத்துக்கொண்டு போனான். கதையில் அவன் எதிரிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒற்றன். ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு அவன் அம்மாவின் தொலைபேசியிலிருந்து ஒரு சேதி வரும். சரியாக 25 சொல், ஒன்றுகூட அதிகமிருக்காது. இங்கே ஒருவர் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அதை வாசிப்பார், ஆறு பேர் கூடிப் பதில் எழுதுவார்கள். புதுப் பள்ளியில் அவனுக்கு இன்னும் கூட்டாளி கிடைக்கவில்லை என்று அவன் அம்மா சொன்னார். அவன் சொல்லவில்லை. அவன் அனுப்புவதெல்லாம் கோட்டையில் எத்தனை காவலர், எந்த வாசல் பூட்டு என்பதுதான்.

விதியில் இன்னொன்று உண்டு. மறு கல்லை யாரும் வைத்திருக்காவிட்டால், அனுப்பப் பார்த்தவுடனே அனுப்புகிறவருக்கு அது தெரிந்துவிடும். நீங்கள் கல்லை எடுத்துப்போன அடுத்த ஞாயிறு, ஊர்க்கதை எப்படியோ அங்கே எட்டி, அவனிடமிருந்து மூன்றே சொல் வந்தது. "கல் யாரிடமும் இல்லையா?"

22 சொல் மிச்சம் வைத்திருந்தான். நான் என்ன பதில் போடுவது? அலமாரியில் இருக்கிறது என்றா?

தமிழில் தூது இலக்கியம் என்று ஒரு வகையே இருக்கிறது. அன்னம், மயில், கிளி, மேகம், தென்றல், நெஞ்சு என்று தூது அனுப்பப் பத்தைச் சொல்வார்கள். அந்தப் பத்தில் கல் இல்லை என்பதுதான் குற்றம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும்' என்று காலை ஆறு மணிக்கு நம் குழுவில் வருகிறதே, அது மட்டும் என்ன தூது? அதை அனுப்புகிறவர்கள் யார் யார் என்று எழுத இடம் போதாது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960-இல் அவர் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டம் நமக்கே சொந்தமாகும் என்று நம்பிப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிள்ளைகள் சும்மா இருந்தால் கெட்டுப்போகிறார்கள் என்று ஆண்டுக்கூட்டத்தில் பேசுகிறோம், மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் கதவைப் பூட்டுகிறோம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

பின்னறையைப் பற்றி நீங்கள் கூடிப் பேசி மெதுவாகவே முடிவு செய்யுங்கள். அதுவரை என் வீட்டு முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறது, மழை வந்தால் நனைவோம். கல்லுக்கு மட்டும் தயவுசெய்து கூட்டம் போடாதீர்கள். அலமாரியைத் திறந்து கொடுத்தால் போதும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். எடுத்துக் கொடுக்கும்போது கொஞ்ச நேரம் அது உங்கள் கையில் இருக்குமே ஐயா, அப்போது விதிப்படி கல்லை வைத்திருப்பவர் நீங்கள்தான். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கொடுத்தீர்களானால், பாசிர் கூடாங்கிலிருந்து வரும் சேதிக்கு நீங்களே பதில் சொல்லலாம். 25 சொல்லுக்குள்.

பணிவுடன்,
பின்னறைக் கதைகாரன்