போடாத கேஸுக்கு பில்: அலமாரி ஃபிரிட்ஜ் குளிராதது குறித்த புகார்

அனுப்புநர்
கணபதிப் பகுதி வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சமையலறை அலமாரிக்குள் பதித்த ஃபிரிட்ஜ் குளிராதது, செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது, உள்ளே பனியை உருக்கும் ஹீட்டர் தர மறுப்பது.

ஐயா,

வணக்கம். உங்கள் சர்வீஸ் பதிவில் என் புகார் 'சரிசெய்து முடிக்கப்பட்டது' என்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் இன்னும் குளிரவில்லை. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தேன். காலையில் 14 டிகிரி காட்டியது. 4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. சாயங்காலம் உள்ளே வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி, தூக்குப்போசி மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்து கிடக்கிறது. மாவு போனால் போகட்டும். என் அம்மாவின் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஊசி போடும் நேரத்துக்கெல்லாம் போய் அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஃபிரிட்ஜ் என் தொழில் இல்லை. ஆனால் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். கம்பி அறுந்திருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் தினமும் என் பிழைப்பு. அதனால் கீழே எழுதியிருப்பதை 'கஸ்டமருக்கு என்ன தெரியும்' என்று ஒதுக்காமல் உங்கள் டெக்னிக்கல் ஆளிடம் காட்டுங்கள்.

உங்கள் டெக்னீஷியன் முதலில் சொன்னது: "அலமாரியில காத்தோட்டம் பத்தலீங்கண்ணா, ஆசாரி பண்ணுன தப்பு." அலமாரிக்கு அளவு கொடுத்தது உங்கள் ஆள். பெட்டியை உள்ளே தள்ளி, அடிப்பக்கக் கிரில் மாட்டி, கார்டில் கையெழுத்துப் போட்டுத் தந்ததும் உங்கள் ஆள். அந்தக் கிரில் பக்கம் கையை வைத்தால் சூடான காற்று ஒழுங்காக வெளியே வருகிறது. சூட்டை வெளியே தள்ளும் கண்டன்ஸர் ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரஸரும் ஓடுகிறது. காற்று அடைத்திருந்தால் கம்ப்ரஸர் சூடேறி விட்டு விட்டு நிற்கும், ஃப்ரீசரும் சேர்ந்து சுணங்கும். இங்கே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக நிற்கிறது, கீழேதான் குளிரில்லை. இதை நான் சொன்னதும் அலமாரிப் பேச்சை விட்டுவிட்டார். அப்புறம் ஃபிரிட்ஜில் கேஸ் குறைந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

ஃபிரிட்ஜில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே கசிகிறது என்று கேட்டேன். "எங்கியாச்சும் இருக்குமுங்க" என்றார். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் போட்டால் அதுவும் போய்விடாதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடி அவர் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். 'கேஸ் சார்ஜிங், ரூ.4,200' என்று பில்லைக் கொடுத்து, வீட்டில் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஏங்கண்ணு, அந்தத் தம்பி பொட்டிய வெளியவே இழுக்கலியே!"

அதுதான் விஷயம். இந்த மாடலில் கம்ப்ரஸர் பின்பக்கம் அடியில் இருக்கிறது. பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவோடு பூட்டியிருக்கும் மரப்பலகையை விடுவித்து, பெட்டியை முன்னால் இழுக்காமல் அங்கே கை போகாது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துப் பெட்டியை நாங்கள் இழுத்துப் பார்த்தோம். கம்ப்ரஸர் மேல் தூசி ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லாமல் படிந்திருக்கிறது. கேஸ் ஏற்றும் சார்ஜிங் டியூபின் முனை, கம்பெனியில் நசுக்கி அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. வெட்டவில்லை, ஓட்டை போடவில்லை, வால்வு எதுவும் வைக்கவில்லை. போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிள்படி இது ஆர்600ஏ கேஸ், எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. அதை நிரப்ப டியூபைத் திறக்க வேண்டும், வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பிறகு லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் எடை பார்த்து விட வேண்டும். வந்தவர் கையில் இருந்தது ஒரு தோள்பை மட்டும். தராசையும் பம்பையும் அதற்குள் வைத்துக்கொண்டு வந்தார் என்றால் அந்தப் பை எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள், நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

உண்மையான கோளாறுக்கு வருகிறேன். ஒரு நாள் ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்து இரண்டு கதவையும் திறந்து வைத்தோம். தரையெல்லாம் தண்ணீர். காலையில் போட்டதும் கீழ்த்தட்டு அருமையாகக் குளிர்ந்தது. சில நாள் நன்றாக ஓடி, பிறகு மறுபடி பழைய கதை. கேஸ் போன ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் தேறுமா? இடையில் ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து ஃபேன் எதிலோ இடிப்பது போல 'கர்கர்' என்று சத்தம் வந்தது. அதை உங்கள் கால் சென்டரில் ஒவ்வொரு முறையும் சொன்னோம்; பதிவில் 'கூலிங் இல்லை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.

மெக்கானிக்கும் நானும் ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றினோம். கூலிங் காயில் கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே பனிப்பாறை, ஃபேன் இறக்கையின் நுனி அதில் உரசிய வட்டம்கூடத் தெரிந்தது. கேஸ் குறைவாக இருந்தால் காயிலின் ஆரம்பத்தில் கொஞ்சம் பனி பிடித்து மீதி வெறுமனே கிடக்கும். முழுக்கப் பனி மூடினால் டீஃப்ராஸ்ட், அதாவது காயிலில் சேரும் பனியை ஹீட்டர் வைத்து அவ்வப்போது உருக்கும் ஏற்பாடு, வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். காயில் அடைத்ததால் குளிர்ந்த காற்று கீழே இறங்க வழியில்லை. ஃப்ரீசர் மட்டும் ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிர்ந்து கொண்டிருந்தது.

குளிரில் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் பைமெட்டல் சுவிட்சைச் சில்லென்று இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்த்தோம், கனெக்‌ஷன் காட்டுகிறது, நல்லது. சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் தெர்மல் ஃபியூஸும் நல்லது. ஹீட்டரில் 230 வோல்ட், 150 வாட் என்று இருக்கிறது. கணக்குப்படி 350 ஓம் அளவில் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. கோளாறு மொத்தமும் இவ்வளவுதான்.

ஹீட்டர் கேட்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், தனியாக வராது, கூலிங் காயிலோடு சேர்த்து முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும், அதற்கு எக்ஸ்சேஞ்சில் புதுசே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இது காயிலுக்கு அடியில் கிளிப்பில் மாட்டி, பிளக்கில் சொருகியிருக்கும் ஹீட்டர். கையால் கழற்றிக் கவுண்டரில் வைத்துக் காட்டினேன். அப்படியும் 'சிஸ்டத்தில் பார்ட் நம்பர் இல்லை' என்ற பதில்தான். அலமாரி அளவுக்கு வாங்கிய பெட்டி. வேறு மாடல் வாங்கினால் அலமாரியையும் இடிக்க வேண்டும். ஒரு ஹீட்டருக்காகச் சமையலறையை உடைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயமுங்க?

வாரண்டி முடிந்துவிட்டது, தெரியும். இலவசமாகச் செய்யச் சொல்லவில்லை. போடாத கேஸுக்கு வாங்கிய ரூ.4,200 திரும்ப வர வேண்டும். ஹீட்டரை உரிய விலைக்குக் கொடுங்கள், பில்லோடு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஆள் வந்து மாட்டினாலும் சரி, நாங்களே மாட்டினாலும் சரி. அந்தப் பதிவையும் திருத்துங்கள். 'கேஸ் நிரப்பப்பட்டது' என்று அதில் நின்றால், நாளைக்குக் கம்ப்ரஸருக்கு மட்டும் தனியாக மிச்சமிருக்கும் வாரண்டியைக் கேட்கும்போது 'ஏற்கெனவே சிஸ்டம் திறந்தது' என்று நீங்களே அதைத் தூக்கிக் காட்டுவீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அறுந்த ஹீட்டரும் பில்லும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள். இந்த முறை பெட்டியை வெளியே இழுக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.