தட்டணுவுக்கு ஆயுள் ஐந்து நாள்: ரத்த தானச் சங்கத்தின் 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பொறுப்பாளர்களே, ஆச்சிமார்களே, ரத்தம் கொடுத்த கையோடு பெயர்கூடச் சொல்லாமல் வேலைக்கு ஓடும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை முகாம், எத்தனை யூனிட் என்ற கணக்கோடுதான் இந்த அறிக்கை ஆண்டுதோறும் தொடங்கும். அந்தக் கணக்கை அச்சிட்டு உங்கள் நாற்காலியில் வைத்திருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தை, ரத்தக் கசிவை அடைக்க உதவும் தட்டணு (பிளேட்லெட்) என்ற ஒரே விஷயத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன். நம் சங்கம் இந்த ஆண்டு தன் பழக்கங்களில் பாதியை மாற்றிக்கொண்டது அதனால்தான்.

கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்த ஒரு மாலை. டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்த கல்லூரி மாணவன் ஒருவனின் தகப்பனார் என்னை அழைத்தார். "அண்ணே, காலையில் தட்டணு 52,000 இருந்தது. இப்போது 38,000. என்ன செய்வதென்றே தெரியவில்லை அண்ணே" என்றார். குரல் உடைந்திருந்தது. ஈறில் கசிவு உண்டா, வயிற்று வலி உண்டா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. ரத்த வகையை மட்டும் கேட்டுக்கொண்டு நான்கு பேரை அனுப்பினேன். ரத்த வங்கியில் அன்று இருந்தவை நான்கே நான்கு தட்டணுப் பைகள். உறவினர் நெருக்க, மருத்துவர் எழுதிக் கொடுக்க, நான்கும் அந்தப் பையனுக்குப் போயின. நம்மவர்கள் நால்வரும் ஈடாக ரத்தம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பினார்கள்.

இரவு பதினொரு மணிக்கு அடுத்த அழைப்பு. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஓர் ஆச்சி. தட்டணு 7,000. ஈறிலும் மூக்கிலும் ரத்தம் நிற்கவில்லை. ரத்த வங்கியில் ஒரு பைகூட இல்லை. நம் நால்வர் கொடுத்த ரத்தம் அங்கேதான் இருந்தது. ஆனால் அதைச் சுழற்றிப் பிரித்து, எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகளையும் முடித்தால்தான் வெளியே கொடுக்க முடியும். மறுநாள் நண்பகல் வரை அந்த ஆச்சி துணியை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அவருடைய மகள் எனக்கு ஐந்து முறை போன் செய்தார். ஐந்து முறையும் "இதோ வந்துவிடும் ஆத்தா" என்பதைத் தவிர என்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. அவர் அந்த வாரத்தைக் கடந்தார். சிகிச்சை இன்னும் நடக்கிறது. அந்த மாணவனுக்கோ, பை ஏற்றியும் மறுநாள் காலை எண்ணிக்கை 36,000. அதற்கடுத்த நாள், எதுவும் ஏற்றாமலேயே, 60,000ஐத் தாண்டிவிட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்காகத் தகப்பன் அலைவது இயற்கை. ஆனால் நான்கு பேரை அனுப்பிய கை என்னுடையது. அந்த இரவுக்குப் பிறகுதான் ரத்த வங்கி மருத்துவ அலுவலரை மார்கழிக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பாடம் கேட்டோம். வராதவர்களுக்காக அதில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். 1,50,000க்குக் கீழே வந்ததுமே ஏற்ற வேண்டும் என்று நம்மில் பலர் நம்பியிருந்தோம். அது தவறு. புற்றுநோய் மருந்தால் தட்டணு உற்பத்தியே படுத்துவிட்டவருக்கு, கசிவு இல்லாவிட்டாலும், 10,000க்குக் கீழே போனால் முன்னெச்சரிக்கையாக ஏற்றுகிறார்கள். கடும் காய்ச்சலோ கிருமித் தொற்றோ சேர்ந்திருந்தால் 20,000 என்று வைத்துக்கொள்கிறார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு 50,000 இருந்தால் போதும். மூளையிலோ கண்ணிலோ கத்தி வைப்பதானால் 1,00,000 வேண்டும். ரத்தம் வெளியேறிக்கொண்டிருப்பவருக்கு எண்ணைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. நிலைமையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

டெங்குவின் கதை வேறு. அங்கே உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல. ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறி, ரத்தம் கெட்டியாகி, நாடி விழுவதுதான் ஆபத்து. அதுவும் காய்ச்சல் விட்டதும், "அப்பாடா" என்று வீட்டார் மூச்சுவிடும் அந்த ஓரிரு நாளில்தான் நடக்கும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஆளே சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது இவையே அடையாளங்கள். வேண்டியது அளவறிந்து ஏற்றும் நீர்மருந்தும் இமை கொட்டாத கவனிப்பும். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போன சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தட்டணு 20,000க்கு மேற்படாத, பெரிய கசிவு இல்லாத 372 டெங்கு நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. தட்டணு ஏற்றிக்கொண்டவர்களுக்கும் ஏற்றிக்கொள்ளாதவர்களுக்கும் இடையே ரத்தக் கசிவில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. பாதகமான விளைவுகள் மட்டும் ஏற்றிக்கொண்ட பக்கம் 13, மற்றப் பக்கம் 2. நோய் தணியத் தொடங்கும் நாளில் தட்டணு தானாக ஏறுகிறது. அதற்கு முந்தைய நாள் எதைக் கொடுத்தோமோ, அது பையாக இருந்தாலும் பப்பாளி இலைச் சாறாக இருந்தாலும், பெயர் அதற்குப் போய்விடுகிறது.

ரத்த வங்கிக்குள் நம் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துப் போனார்கள். சிவப்பணுப் பைகள் குளிர்பெட்டியில் 35 நாள், அணுக்களைக் காக்கும் கரைசலைக் கூடுதலாகச் சேர்த்தால் 42 நாள்கூட இருக்கும். தட்டணுப் பைகளுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஒரு தட்டின் மேல், இரவும் பகலும் தொட்டில் போல ஆட்டிக்கொண்டே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்படும். குளிரில் வைத்தால் உடம்பில் ஏறிய சிறிது நேரத்திலேயே அழிந்துவிடும். அந்த வெப்பத்தில் கிருமியும் வளரும் என்பதால் ஐந்து நாளுக்கு மேல் வைக்க அனுமதி இல்லை. சோதனைகளுக்கே ஒரு நாள் போய்விடுவதால் கையில் மிஞ்சுவது நான்கு நாள். அங்கிருந்த ஆய்வகப் பெண் ஒரு பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சுழற்றிக் காட்டினார். வெளிர் மஞ்சள் நீருக்குள் பட்டு இழை திரும்புவது போல் ஒரு மினுமினுப்பு ஓடியது. தட்டணுக்கள் தட்டு வடிவம் மாறாமல் நலமாக இருந்தால்தான் அப்படி மின்னுமாம். கெட்டுப்போனால் உருண்டையாகிவிடும், எவ்வளவு சுழற்றினாலும் மங்கிக் கிடக்கும். பன்னிரண்டு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டி நின்று பார்த்தோம்.

அந்த மினுமினுப்பைப் பார்த்தவனாகச் சொல்கிறேன், இவ்வாண்டு என்னை மிகவும் வருத்திய செய்தி இது. ஒரு மருத்துவமனையின் வார்டில், ஏற்றுவதற்கு முன் "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஒரு பையை மருந்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்கள். வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பை வீணானது. நோயாளிக்குத் துணையிருக்கும் நம் உறுப்பினர்கள் பணிவோடு நினைவூட்டலாம்: பை வந்ததும் பெயரையும் பை எண்ணையும் இருவர் சரிபார்க்க வேண்டும், வடிகட்டி உள்ள புதிய குழாய் வேண்டும், அரை மணி நேர அளவில் ஏற்றி முடிக்க வேண்டும். நடுக்கமோ அரிப்போ மூச்சிரைப்போ தெரிந்தால் அடுத்த நொடியே செவிலியரை அழைக்க வேண்டும்.

முகாம்களுக்கு வருகிறேன். நம் பக்கம் முகாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ரத்த தான நாட்களான ஜூன் 14, அக்டோபர் 1 ஆகியவற்றை ஒட்டி எல்லாச் சங்கங்களும் ஒரே வாரத்தில் நடத்துகின்றன. ஞாயிறு எடுத்த தட்டணு வெள்ளியோடு முடிகிறது. சனியும் ஞாயிறும் ரத்த வங்கியில் தட்டு காலி. ஆகவே தை முதல் பெரிய முகாமைப் பிரித்துச் சிறு முகாம்களாக்கி, புதன்கிழமைகளில் கல்லூரிகளில் நடத்துகிறோம். இடத்தைத் தேர்வதிலும் ஒரு மாற்றம். எடுத்த ரத்தத்தைக் குளிர வைக்காமல் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தால்தான் தட்டணு கிடைக்கும். தொலைவான கிராமத்தில் நாள் முழுவதும் எடுத்துவிட்டு இருட்டியபின் வண்டி திரும்பினால் தட்டணு போயிற்று. இப்போது முற்பகல் பதினொன்றரைக்கே முதல் வண்டி கிளம்பிவிடுகிறது.

சிற்றுண்டியும் மாறியது. ஒரு முகூர்த்த நாளில், கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் வயிறாரச் சாப்பிட்ட கையோடு ஏழெட்டுப் பேர் ஆர்வமாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். அதில் பல பைகளின் நீர்ப்பகுதி பால் கலந்தது போல் வெளுத்து, தட்டணு எடுக்க உதவாமல் போனது. எண்ணெய்ப் பலகாரம் செரிமானமாகி ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புதான் காரணம். கொடுப்பதற்கு முன் இட்லியும் தண்ணீரும், கொடுத்த பின் பணியாரம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். சமையல் பொறுப்பேற்ற பள்ளத்தூர் ஆச்சிமார் இதைப் பெரிய மனதோடு ஏற்றார்கள்.

இனி, ஒரே கொடையாளரிடமிருந்து தட்டணுவை மட்டும் எடுக்கும் அபெரிசிஸ் முறை. சாதாரணப் பை ஒன்று பெரியவருக்கு 5,000 முதல் 10,000 வரைதான் ஏற்றும்; ஒரு வேளைக்கு நான்கு முதல் ஆறு பை வேண்டும், அதாவது அத்தனை பேருடைய ரத்தம். அபெரிசிஸ் பை ஒன்றே 30,000 முதல் 60,000 வரை ஏற்றிவிடும். இயந்திரம் ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தட்டணுவைப் பிரித்துக்கொண்டு மீதியை அதே கைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்; உதடு கொஞ்சம் மரத்தாற்போல் இருந்தால் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தருவார்கள். எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது, நரம்பு நன்றாக எடுபட வேண்டும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். தட்டணு கொடுத்தவர் 48 மணி நேரத்தில் மீண்டும் கொடுக்கலாம். அழைப்பு பெரும்பாலும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறது. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே அரை நாள், திரும்பி வர இரவு. இதற்கென்று தனிப் பதிவேடு திறந்து, நரம்பு பார்த்து, எண்ணிக்கை பார்த்து 23 பேரைச் சேர்த்திருக்கிறோம். அதில் ஒருவர் தலைவலி மாத்திரை போட்டதை மறந்து மதுரை வரை போய்த் திரும்பினார். புறப்படும் முன் நான்கு கேள்வி கேட்கும் தாள் அன்றுதான் பிறந்தது.

ஒரு நோயாளியின் உறவினர் நம் கொடையாளரின் சட்டைப் பையில் 2,000 ரூபாயைத் திணித்திருக்கிறார். அவர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. பஸ் கட்டணத்தைச் சங்கமே தரும்.

தை முதல் நாம் ஏற்ற விதி இதுதான்: ரத்த வங்கியின் கோரிக்கைத் தாள் இல்லாமல் ஆள் அனுப்புவதில்லை. "உடனே தேவை" என்று கைப்பேசியில் வரும் செய்திகளை, மருத்துவமனைக்குப் பேசி உறுதி செய்யாமல் யாரும் பிறருக்கு அனுப்ப வேண்டாம். நோயாளி வீடு திரும்பி மாதங்கள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகளை நானே பார்த்திருக்கிறேன். விதி கடினமாக இருக்கிறது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் விதியைத் தளர்த்த நான் சம்மதிக்க மாட்டேன்.

கடைசியாக, நம் செட்டிநாட்டின் பூட்டிய வீடுகள். முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த அண்டாக்களும் கல்தொட்டிகளும் ஆளில்லாத வீடுகளில் நிறைந்து கிடக்கின்றன. டெங்குக் கொசுவுக்கு அதைவிடப் பெரிய மாளிகை வேண்டாம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினோம். 41 வீடுகளின் சாவி வாரம் ஒரு நாள் நம் இளைஞர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பங்காளிகள் ஒத்துக்கொள்ளாததால் திறக்காத வீடுகளும் உண்டு. வரும் படைப்பு வழிபாட்டுக்கு ஊர் கூடும்போது நேரில் பேசத் தலைவர் இசைந்திருக்கிறார்.

இரவு அழைப்பை எடுக்க இப்போது மூன்று பேர் இருக்கிறோம். ஐப்பசி மழைக்குள் இன்னும் நான்கு பேர் தேவை. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்