கணக்குக் கேட்ட மாணவர்களுக்கு வகுப்புத்தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் என் மகள் படிக்கும் உயர்கல்வி நிறுவனத்தில், விடுதித் திருத்த வேலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டுப் பதாகையுடன் வாயிலில் அமர்ந்த மாணவர்களுக்கு வகுப்புத்தடை எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. விடுதிக் கூரையோ இன்னும் ஒழுகுகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்குப் போராட்டம் எதற்கு என்று அயலில் சிலர் கேட்கிறார்கள். இவர்கள் எடுத்தவுடனே வாயிலுக்கு வரவில்லை. முதலில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். அப்புறம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதில் வரவில்லை. வேறு என்னதான் செய்வார்கள்? அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரஜைகளுக்கும் தந்திருக்கிறது. மாணவர் என்பதால் அது பறிபோகாது.

2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாட்களிலேயே அதை மீளக் கட்ட அடிக்கல் நடப்பட்டது. அமைதிப் போராட்டத்தின் பலனை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

வகுப்பை மறித்தால், சொத்தைச் சேதப்படுத்தினால் விசாரியுங்கள், சரி. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்துக்குத்தான் கணக்குக் கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கடிதங்களை உடனே திரும்பப் பெற வேண்டும். திருத்த வேலையின் கேள்விமனு ஆவணங்களையும் செலவு விபரத்தையும் அறிவித்தல் பலகையில் போட வேண்டும்.

ஒரு தாய்,
கொக்குவில்.