காய்ச்சல் வீட்டுக்கு வந்து வைத்தியம் சொல்வோருக்கு

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் யாருக்காவது காய்ச்சல் என்றதும் முதல் ஆளாக வந்து நிற்கும் அண்ணைமாருக்கும் அன்ரிமாருக்கும் வணக்கம்.

நீங்கள் அக்கறையில்தான் வருகிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்து உட்கார்ந்த கையோடு எல்லாம் தெரிந்தவர் போலத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மழைக்காலம் எங்கள் மாடியில் ஒரு பிள்ளைக்கு டெங்கு. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. பார்க்க வந்த பெரியவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை. ரெண்டு நாளைக்குச் சோர்வு இருக்கத்தான் செய்யும்" என்றார். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. கை கால் சில்லிட்டிருந்தன. அன்றைக்கு இரத்தம் சோதிக்க டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு தாயின் கையிலேயே இருந்தது. வயதில் மூத்தவர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு தாய் எப்படிக் கிளம்புவார்? இரவு பிள்ளை சத்தி எடுக்கத் தொடங்கியதும்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது. ஆனால் ஒரு பகல் முழுக்க வீணாய்ப் போனது.

டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியலாம். கசிவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். கடும் வயிற்றுவலி, ஓயாத சத்தி, சிறுநீர் குறைவது, கை கால் குளிர்வது எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள். நெற்றியைத் தொட்டு இதையெல்லாம் அறிய முடியாது.

பப்பாசி இலைச் சாறு கொடுத்தால் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏறிவிடும் என்கிறீர்கள். ஏறுகிறதோ இல்லையோ, அந்தக் கசிவை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைவிட மோசம், உடம்பு உளைவுக்கு உங்கள் பையில் இருக்கும் குளிசையை எடுத்து நீட்டுவது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் எல்லாம் டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. பனடோல் (பரசிற்றமோல்) மட்டும்தான், அதுவும் அளவோடு.

அப்புறம் அந்த வெள்ளவத்தைக் கால்வாய். எல்லா நுளம்பும் அங்கிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்கிறீர்கள். டெங்கு நுளம்பு பெருகுவது பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்: பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, ஃபிரிட்ஜின் பின்தட்டு. கடிப்பதும் பகலில்.

2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஊரில் இருந்துகொண்டு இன்னமும் ஊகத்தில் வைத்தியம் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வாருங்கள். கஞ்சியோ இளநீரோ கொண்டு வாருங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் மட்டும் வேண்டாம். சத்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போகும். "டொக்டர் என்ன சொன்னவர்? கடைசியாய் எப்ப சலம் போனது? இண்டைக்கு இரத்தம் சோதிச்சாச்சா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், உங்கள் வாகனத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கள். தாய் தனியாக நிற்கும் வீட்டில் அந்த உதவிக்குத்தான் ஆள் தேவை.