ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற அந்தம்மா யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு பழைய பேப்பர் கடைக்கு பசங்க நோட்டெல்லாம் எடைக்குப் போடப் போயிருந்தேன், தராசு பக்கத்துல ஒரு மஞ்ச டப்பா கெடந்துச்சு, தொறந்தா ஸ்லைடுங்க. ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச் அட்டை, நடுவுல கலர் ஃபிலிம். எவ்ளோன்னு கேட்டேன். "அத்த எடுத்துக்கினு போ சார், டப்பாவ மட்டும் குட்த்துடு, பிளாஸ்டிக்கு வெயிட்டு"ன்னாரு கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தேன். மொத்தம் 31. சிங்கப்பூர் தெருவு, கொழும்பு துறைமுகம், காஷ்மீர் தால் ஏரியில ஷிகாரா படகு, கப்பல்ல வேலை பாத்தவரா இருக்கும்னு நெனைக்கிறேன், நம்ம ஏரியாவுல அப்படி எத்தனை பேரு. கடைசி ஸ்லைடுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. 1856ல தொறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷன், அந்தப் பெரிய தூணுங்க, முன்னாடி பச்சைப் புடவையில ஒரு அம்மா, கையில சிவப்பு ஒயர் கூடை, வெயிலுக்கு ஒரு கண்ண இடுக்கிக்கினு சிரிக்கிறாங்க. அட்டையில ஜூன் 72ன்னு கம்பெனி அச்சு. கோடாக் கம்பெனியோட கோடாக்ரோம் ஃபிலிம்ங்கறதால கலர் இன்னும் அப்படியே நிக்குது, வேற ஃபிலிமா இருந்தா இந்நேரம் படம் பூரா செவந்திருக்கும். அந்த ஃபிலிமையே 2009ல நிறுத்திட்டாங்க, கழுவித் தர கடைசி லேபும் 2010 முடிவோட விட்டுடுச்சு.

எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னா, நானும் ஒரு இன்ஸ்டாக்ஸ் கேமரா வெச்சிருக்கேன், எடுத்த உடனே படம் கார்டா வெளிய வர்ற டைப்பு, ஞாயித்துக்கிழமை காசிமேடு பக்கம் போனா ரெண்டு மூணு படம் எடுப்பேன், அதுக்கு மேல கட்டுப்படியாகாது, ஒரு கார்டு விலைக்கு நாலு டீ குடிக்கலாம். கார்டு வெளிய வந்ததும் பசங்க புடுங்கி விசிறி மாதிரி ஆட்டுவாங்க. ஆட்டத் தேவையே இல்ல, மருந்து உள்ளயே சீல் ஆகி இருக்கு, ஆட்டுனா கெடத்தான் சான்ஸ். ஒருநாள் மீன் விக்கிற ஆயா ஒருத்தங்கள எடுத்தேன், "எனக்குத்தான"ன்னு வாங்கி சுருக்குப்பையில போட்டுக்கினாங்க, அவ்ளோதான், அந்தப் படம் என்கிட்ட கெடையாது. நெகட்டிவ் இல்லாத சமாச்சாரம் சார் இது. ஸ்லைடும் அப்படித்தான், கேமராவுக்குள்ள ஓடின அதே ஃபிலிம்தான் அட்டையில இருக்கு, குப்பையில போட்டா வேற காப்பி கெடையாது.

போகிக்கு வீட்ட ஒழிக்கிறவங்க இந்த மாதிரி டப்பா கெடச்சா ஒருதரம் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. வெச்சிருக்கறவங்க பீரோவுல துணிக்கு அடியில வைக்காதீங்க, நான் முன்னாடி வேற கொஞ்சம் ஸ்லைடு அப்படி வெச்சு நம்ம கடல்காத்து ஈரத்துக்கு ஒட்டடை மாதிரி பூஞ்சை புடிச்சுப் பாழாப்போச்சு. இப்ப புது ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டுங்கள சேத்து வெச்சு டைட்டா மூடி வெக்கிறேன்.

இத உங்க பேப்பர்ல போட்டீங்கன்னா அந்தம்மா வீட்டு ஆளுங்க யாராவது பாக்கலாம், அவங்களே கூட பாக்கலாம். 72ல ராயபுரம், சிவப்பு ஒயர் கூடை, பச்சைப் புடவை. அடையாளம் சொல்லி உங்க ஆபீசுக்கு எழுதுனா 31ஐயும் குடுத்துடறேன், காசெல்லாம் வேணாம்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்