வெயில் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வெளியே ஒரு கண்மாயில் படகு சவாரி போனேன். எந்தக் கண்மாய், யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம், பாவம் பிழைக்க வந்தவர்கள். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம், பின்னால் படகுக்கு வெளியே மாட்டுகிற சின்ன அவுட்போர்டு இன்ஜின். நடுத்தண்ணீரில் போகும்போது 'கீ'யென்று பஸ்ஸர் அடித்தது, வேகம் தானாக இறங்கியது, ஓட்டிய தம்பியோ அதைக் கண்டுகொள்ளாமல் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார், கொஞ்ச நேரத்தில் ரப்பர் தீய்ந்த வாடை வந்து இன்ஜின் நின்றே போனது. "வெயில்ல இப்படித்தான்யா ஆகும், பத்து நிமிஷம் ஆறப்போட்டா ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டு இன்ஜின் தலையில் ஊற்றப் போனார். நான் எட்டிக் கையைப் பிடித்துவிட்டேன். கொதிக்கிற அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் விழுந்து விரிசல் விட்டால் அப்புறம் இன்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

நான் சிம்மக்கல் பக்கம் முப்பது வருஷம் ஆயில் இன்ஜின் பட்டறை வைத்திருந்தவன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வல்லங்களுக்கு இன்ஜின் வேலை பார்த்தவன். மதுரை வெயில் என்னவெல்லாமோ செய்யும், ஆனால் படகு இன்ஜின் சூடாவதற்கு அது காரணம் இல்லை. கார் மாதிரி இதற்கு ரேடியேட்டர் கிடையாது, கண்மாயேதான் ரேடியேட்டர். உச்சி வெயிலிலும் தண்ணீருக்குள் கை விட்டால் இதமாகத்தான் இருக்கும், அந்தச் சூடு இன்ஜினை ஆற்றத் தாராளமாகப் போதும். தண்ணீர் உள்ளே போனால்தானே!

புரொப்பல்லருக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னச் சல்லடை இருக்கும், அது வழியாக நுழையும் தண்ணீரை உள்ளே சுழல்கிற இம்பெல்லர் என்ற இதழ் வைத்த ரப்பர் சக்கரம் மேலே தள்ளும், அந்தத் தண்ணீர் இன்ஜினைச் சுற்றிவிட்டுக் கீழே வெளியேறும். அதில் கொஞ்சம் மட்டும் பின்பக்கத்து ஓட்டை வழியாக பென்சில் தடிமனில் பீய்ச்சி அடிக்கும். மண்டபத்தில் இன்ஜினைக் கிளப்பியதும் எல்லோருடைய கண்ணும் முதலில் அந்தத் தாரை மேல்தான் போகும். நம்மூர்க் கிணற்று மேட்டிலும் இதே கதைதானே, ஆயில் இன்ஜினைச் சுற்றிவிட்டு மெல்லிய குழாயில் வருகிற தண்ணீரைப் பெரியவர்கள் உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பாக வந்தால் சரி, கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் இந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

சரி, இன்ஜினைத் தூக்கிப் பார்த்தோம். சல்லடை முழுக்க வேலம்பாசி, அதற்கு மேல் ஒரு பால் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எறிந்துவிட்டு, கை வைத்தால் தாங்குகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து மெதுவாகக் கிளப்பினால் தாரை சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். படகில் ஒரு துடுப்புகூட இல்லை! அரை மணி நேரம் கழித்து இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது. தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தில் அம்மனும் சுவாமியும் வடம் பிடித்து இழுக்கிற தெப்பத்தில்தான் வலம் வருவார்கள், நாங்களும் அதே மாதிரி கரை சேர்ந்தோம், மேளதாளம்தான் இல்லை.

கரைக்கு வந்து தாரை வருகிற ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன், கொஞ்சம் வண்டல் விழுந்தது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சல்லடை முங்குகிற மாதிரி இன்ஜினை இறக்கி ஓட்டிப் பார்த்தும் தாரைக்கு வேகம் வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. கீழ்ப்பகுதியைக் கழற்றினால் இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக மடங்கி அப்படியே விறைத்துக் கிடந்தன, ஓரமெல்லாம் கருகிப் பளபளவென்று இருந்தது, ஒரு இதழில் பாதியைக் காணோம். அந்தப் பாதி மேலே போகிற குழாயில் மாட்டியிருந்தது, அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லரைப் போட்டிருந்தால் அடுத்த வாரமும் இதே கூத்துதான் நடந்திருக்கும். "தம்பி, கரையில வச்சு ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன். "காலையில ஸ்டார்ட் ஆகுதான்னு ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாப்போம்யா" என்றார். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அந்த ரப்பர் ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது, தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தினமும் காலையில் அதை வறுத்து எடுத்திருக்கிறார்கள்.

தாரை நன்றாக அடித்தும் இன்ஜின் கொதித்தால் கதை வேறு. சூடானதும் வாய் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் தண்ணீரோடு சூடேற்றிப் பாருங்கள், கொதிக்கப் போகிற நிலையிலும் வாய் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் ஆயிலில் மிச்சம் பிடிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும், ஐம்பதுக்கு ஒன்று கலக்கச் சொல்லியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. புரொப்பல்லரில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தாலும் இன்ஜின் திணறிச் சூடாகும்.

மண்டபத்தில் ஒரு பழைய சிநேகிதரிடம் சொல்லி இம்பெல்லரை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன், மாட்டியதும் தாரை ஒரு முழத்துக்குப் பாய்ந்தது. படகு விடுகிறவர்களிடம் லைப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற அதிகாரிகள், துடுப்பு எங்கே, ஸ்பேர் இம்பெல்லர் எங்கே என்றும் கேட்க வேண்டும். ஆகாயத்தாமரையும் பாலிதீன் பையும் மிதக்கிற நம் கண்மாய்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். மதுரைப் பக்கம் யாருக்காவது இந்த வேலையைப் பழக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையில் நானே வந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். டிரம்மை மட்டும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆயில் இன்ஜின் மெக்கானிக்,
சிம்மக்கல், மதுரை.